விரதம் முந்தியது, சட்டம் பிந்தியது

மதுவிலக்கு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன சட்டமன்றமும் காவல் நிலையமும்தாம். தமிழகத்தில் மதுவிலக்குச் சட்டம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1937ஆம் ஆண்டில். ஆயினும் கள்ளை விலக்கி வாழ்வதே இல்லறத்தின் முதற்படி எனக் கொண்ட குடும்பங்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்நாட்டில் இருந்தன. அவர்களுக்கு ஆணையிட்ட அரசனும் இல்லை. தண்டனைக்கு அஞ்சி அவர்கள் விலக்கவும் இல்லை. அவர்களைக் காத்தது பலரறியக் கொண்ட விரதம். பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாணகத்தை ஒட்டி வெளிவரும் இம்மலரில், விரதத்துக்கும் சட்டத்துக்கும் இடையே தமிழ்நாட்டில் நிகழ்ந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன். அவ்வரலாற்றில் நம் இளைய தலைமுறைக்கு உடனடியாகத் தேவைப்படும் பாடம் ஒன்று உண்டு.

அறநூல்கள் வகுத்த இடம்

இல்லறத்தார்க்குரிய எட்டு மூலகுணங்களை ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்துரைத்தார். ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் சேர்ந்து எட்டாகும். அந்நூலின் வழிவந்த நம் அருங்கலச்செப்பு, அவ்வொழுக்கத்தை எளிய குறள் வெண்பாக்களில் தமிழ் இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தது. கள் விலக்கு துறவியர்க்கென ஒதுக்கப்படாமல், உழுது விதைத்து, வாணிகம் செய்து, மக்களைப் பெற்று வாழும் சிராவகர்க்கு முதற்கண் விதிக்கப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மரபினர் பொன்னூர் மலையோடும் குந்தகுந்தரோடும் இணைத்துப் போற்றும் திருக்குறளிலும் இதே நோக்கினைக் காணலாம். புலால் மறுத்தலை அறத்துப்பாலின் துறவறவியலில் வைத்த ஆசிரியர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக, சூதுக்கு முன்னே வைத்தார். நாட்டின் நல்வாழ்வையும் பொருளையும் நட்பையும் பேசுமிடத்தில் அது நிற்கிறது. அவ்வதிகாரத்தில் பெற்ற தாய் வருகிறாள். ஒளித்துக் குடிப்பவனைக் கண்டுகொள்ளும் ஊரார் வருகின்றனர். உண்டு மயங்கியவனுக்குக் காரணம் காட்டித் திருத்துவது எத்துணை அரிது என்ற எச்சரிக்கையும் வருகிறது. குடியைக் குடிப்பவன் ஒருவனின் குற்றமாக மட்டும் காணாது, வீட்டையும் ஊரையும் சேர்த்துக் காணும் பார்வை இது.

விரதத்துக்குத் துணைநின்ற அன்றாட ஒழுக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கதிரவன் மறையுமுன் உண்ணுதலை நாம் உயிர்க்கொலை தவிர்க்கும் நெறியாகவே அறிவோம். அதனால் விளைந்த பிறிதொரு நன்மையும் உண்டு. மாலை மயங்கும் வேளையில் குடும்பத்தினர் அனைவரும் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருப்பர். கள்ளுக்கடைகளில் கூட்டம் கூடிய வேளையும் அதுவே.

ஈரோடும் புதுப்பாளையமும்

ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளும் சாராயமும் அரசின் பெருவருவாயாயின. கடைகள் ஏலம் விடப்பட்டன. சென்னை மாகாணத்தின் வருவாயில் ஏறத்தாழக் காற்பங்கு இதிலிருந்தே கிடைத்தது. குடிப்பவனைத் திருத்தும் கடமை அரசுக்கு இல்லாதுபோன நிலையில் அப்பணியை மக்களே மேற்கொண்டனர்.

1921ஆம் ஆண்டில் ஒத்துழையாமை இயக்கத்தின் பகுதியாக ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் ஈ.வெ.ரா. சேலம் தாதம்பட்டியில் தமக்கிருந்த தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவர் சிறை சென்றபின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை முன்நின்று நடத்தினர். மறியலை நிறுத்துவது அவ்விரு பெண்களின் கையில் இருக்கிறது என்று காந்தியடிகள் கூறியதாகச் சொல்லப்படும் செய்தி பலரும் அறிந்ததே. குடியால் முதலில் துன்புறுவோர் பெண்கள். அதை எதிர்த்து முதலில் நின்றோரும் அவர்களே.

1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். கதர்ப்பணியோடு மதுவிலக்குப் பரப்புரையும் அங்கு நடந்தது. 1929இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் திங்களிதழ் அங்கிருந்து வெளிவந்தது. ஆசிரியர் கல்கி அதில் துணைநின்றார். கதையும் படமும் கொண்டு எளிய மக்களிடம் பேசிய இதழ் அது. ஊழியர்கள் சிற்றூர்தோறும் சென்று மக்களோடு பழகினர். சட்டம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே நிலம் இவ்வாறு பண்படுத்தப்பட்டது.

சேலத்தில் ஒரு சோதனை

1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். மாகாணம் முழுவதிலும் ஒரே நாளில் மதுவை ஒழிக்க அவர் முனையவில்லை. தாம் நன்கறிந்த சேலம் மாவட்டத்தை முதலில் தேர்ந்துகொண்டார். ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் வாழ்ந்த அம்மாவட்டத்தில் 1937 அக்டோபர் முதல் நாள் கடைகள் மூடப்பட்டன.

கடைகளை மூடியதோடு பணி நின்றுவிடவில்லை. ஊர்தோறும் மதுவிலக்குக் குழுக்கள் அமைந்தன. மாலைப்பொழுதைப் போக்கப் பசனைகளும் விளையாட்டுகளும் ஏற்பாடாயின. தேநீர்க் கடைகள் பெருகின. சேமிப்புப் பழக்கம் ஊக்குவிக்கப்பட்டது. மரமேறும் தொழிலாளர் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது. குடித்தவன் குடியை விட்டால் அவனது மாலை நேரம் வெறுமையாகும். கள் இறக்கியவன் தொழிலை விட்டால் அவனது அடுப்பு அணையும். இவ்விரண்டையும் நிரப்பாத விலக்கு நிலைக்காது என்பதை அன்றையோர் உணர்ந்திருந்தனர். எனினும் மரமேறுவோர் அனைவருக்கும் மாற்றுத் தொழில் கிட்டவில்லை என்பதையும், அவர்கள் பட்ட துன்பத்தையும் வரலாறு எழுதுவோர் மறைத்தலாகாது.

பின்னர்ப் பொருளியல் அறிஞர்கள் அம்மாவட்டக் குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்தனர். குடிக்குச் சென்ற பணம் உணவுக்கும் உடைக்கும் கடன் தீர்ப்பதற்கும் திரும்பியதை அவ்வாய்வுகள் எடுத்துக்காட்டின. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது.

நம் ஊர்களுக்கு வந்த கதை

1938இல் மதுவிலக்கு சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரிந்தது. 1939 அக்டோபரில் வட ஆர்க்காட்டுக்கு வந்தது. வந்தவாசியும் ஆரணியும் பொன்னூரும் திருமலையும் அடங்கிய மாவட்டம் அது. நம் முன்னோர் கொண்டிருந்த விரதம் அன்று அண்டை வீட்டாருக்கும் சட்டமாயிற்று. ஆனால் அம்மாத இறுதியிலேயே, போர் குறித்த கருத்து வேறுபாட்டால், அமைச்சரவை பதவி விலகியது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தியது.

விடுதலைக்குப் பின், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் தோன்றிய அரசு வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தலாயிற்று. ஓர் ஆயுட்காலத்துக்குள் சட்டம் இத்தனை முறை வந்தும் போயும் உள்ளது. இவ்வளவு மாற்றத்துக்கிடையிலும் மாறாது நின்றவை, விரதம் காத்த இல்லங்கள் மட்டுமே.

இதே உண்மையை உணர்ந்துதான் ஆசாரிய துளசி 1949இல் இராசத்தானத்தின் சர்தார்சகரில் அணுவிரத இயக்கத்தைத் தொடங்கினார். சாதி, சமயம் பாராது எவரும் ஏற்கத்தக்க சிறு உறுதிமொழிகளாக அணுவிரதங்களை அவர் அமைத்தார். போதைப் பொருள்களைத் தவிர்த்தலும் அவற்றுள் ஒன்று.

நான் காத்த இரகசியம்

இதுவரை கூறியவற்றைப் படித்து நாம் பெருமிதம் கொண்டால் மட்டும் போதாது. "நம்மிடையே அந்தப் பழக்கம் இல்லை" என்று நம் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் மாலை, என்னிடம் படித்த நம் இனத்து மாணவர் ஒருவரின் தாயார் என் இல்லத்துக்கு வந்தார். வெளியூரில் பணியாற்றச் சென்ற மகன் குடிக்கு அடிமையாகித் திரும்பியதைச் சொல்லி அழுதார். "ஐயா, ஊருக்குத் தெரிய வேண்டாம். பெண் கொடுக்க மாட்டார்கள், கோயிலில் முகம் காட்ட முடியாது" என்றார். யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்களித்தேன். இரண்டொரு முறை அம்மாணவரை அழைத்து அறிவுரை கூறினேன். வாக்கைக் காத்தேன், மாணவரைக் காக்கவில்லை. நாற்பது வயது நிறையுமுன் அவர் மறைந்தார்.

பலரறியக் கொண்ட விரதத்தால் வளர்ந்த ஒரு சமூகம், விரதம் தவறியவனை ஒருவரும் அறியாமல் மறைத்து இழக்கிறது. அன்று நான் செய்த பிழையும் அதுவே.

மஞ்சக்குடி காட்டிய வழி

வேறு வழி இருந்தது என்பதைப் பின்னரே அறிந்தேன். கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அத்துயரை மறைத்து ஒடுங்காமல், 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடாக இகழாமல் நோயாகக் கண்டு மருத்துவம் செய்த நிலையம் அது. நகரத்துக்கு வர இயலாதவர்க்காக 1989 முதல், அந்நாளைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தினர். மருத்துவரும் ஆலோசகரும் சென்னையிலிருந்து சென்றனர்; இடமும் உதவியும் உள்ளூரார் தந்தனர். நோயாளியோடு குடும்பத்தாரும் அழைக்கப்பட்டனர். முன்னரே மீண்டவர்கள் புதியவர்க்குத் துணையிருந்தனர். முகாம் முடிந்த பின்னும் அதே ஊரில் தொடர்ந்து கண்காணித்தனர். ஊரறிய நோயுற்றவன் ஊரறியவே மீண்டான். அவனுக்குத் துணையாக ஓர் ஊரே நின்றது.

ஈரோட்டுப் பெண்கள், சேலத்து ஊர்க்குழுக்கள், மஞ்சக்குடி முகாம் ஆகிய மூன்றும் ஒன்றையே கூறுகின்றன. தனிமனிதனின் மனவுறுதி தேவை. அவ்வுறுதிக்குச் சான்றாகவும் காவலாகவும் சுற்றியிருப்போரும் தேவை. நம் முன்னோர் விரதத்தைப் பலரறியக் கொண்டதன் கருத்தும் அதுவே.

நாம் செய்யத்தக்கவை

நம் ஜினாலயங்களில் ஆண்டுதோறும் சிறுவர்க்கு விரதம் தரும் வழக்கத்தைச் சடங்காக நடத்தாமல், கள் விலக்கு ஏன் என்பதை அவர்கள் மொழியில் விளக்கித் தருவோம். இன்றைய போதைப் பொருள்கள் கள்ளோடு நிற்கவில்லை. கஞ்சாவும் மாத்திரைகளும் கல்லூரி வாயில்வரை வந்துவிட்டன என்பதையும் ஒளியாது கூறுவோம். வெளியூரில் படிக்கும், பணிபுரியும் பிள்ளைகள் விழாநாள்களில் மட்டும் நம்மைச் சந்திக்கும் நிலை மாற, அந்தந்த நகரில் வாழும் நம்மவர் மாதம் ஒருநாள் மாலை உணவுக்கேனும் அவர்களை இல்லத்துக்கு அழைப்போம். யாரேனும் தவறிவிட்டால், அக்குடும்பத்தின் திருமணப் பேச்சை நிறுத்தாமல், மருத்துவமனைக்கு உடன் செல்ல இருவரை அனுப்புவோம்.

பகவான் போதித்த அகிம்சை பிற உயிர்க்கு மட்டும் உரியதன்று. தவறிய நம் பிள்ளையும் ஓர் உயிரே. அடுத்த முறை ஒரு தாய் என் வாயிலில் வந்து நின்றால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கூறேன். "வாருங்கள் அம்மா, நாம் சேர்ந்து செல்வோம்" என்பேன்.