பாத்தும்மாவிலிருந்து ரிஸ்னா வரை: நமது பெண் பிள்ளைகளின் பெயர்கள்



"இந்தக் காலத்துப் பெயரெல்லாம் வாயில நுழையுதில்ல" என்பார்கள் உம்மம்மாமார். "பழைய பெயர வெச்சா புள்ள பள்ளிக்கூடத்துல வெட்கப்படும்" என்பார்கள் இளம் உம்மாமார். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று எந்த ஊரிலும் பிள்ளை பிறந்த வீட்டில் இந்தப் பேச்சு உண்டு. இரு தரப்பும் மறந்துவிடும் விடயம் ஒன்று இருக்கிறது. பழைய பெயர்களும் ஒரு காலத்தில் நமது வாய்க்குப் புதியவையே.

ஃபாத்திமா, ஸைனப், ஹவ்வா, கதீஜா எல்லாம் கடல் கடந்து வந்த ஒலிகள். நமது முன்னோர் அவற்றைத் தமிழ் நாவுக்கு இணக்கி எடுத்தார்கள். பாத்தும்மா, செய்னம்பு, அவ்வா உம்மா, கதிசா உம்மா என்று அவை நமது முற்றத்துப் பெயர்களாயின. எழுத வேண்டி வந்தால் அரபுத்தமிழ் கைகொடுத்தது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அந்த முறையில் பெயரின் மூல ஒலி குலையவில்லை. வாய் எப்படிச் சொன்னாலும் பொருள் எழுத்தில் பத்திரமாக இருந்தது.

இதன் பெறுமதி விளங்க ஆசியா என்ற பெயரைப் பாருங்கள். ஃபிர்அவ்னின் மனைவியாக இருந்தும் ஈமானில் உறுதியாக நின்ற பெண்மணியின் பெயர் அது. அரபியில் இன்னொரு சொல் உண்டு: 'மாறு செய்பவள்' என்ற பொருள். அந்தப் பெயரைத்தான் நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என்று மாற்றியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அரபு எழுத்தில் இரண்டும் வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே ஆசியாதான்.

இன்று ரிஸ்னா, ரிப்னா, ஷிஃப்னா என்று ராத்தாவின் பெயருக்கு ஓசை ஒத்து வரத் தங்கைக்குப் பெயர் வைக்கிறோம். கேட்க அழகுதான். ஆனால் பொருள் கேட்டால் பல வீடுகளில் பதில் இல்லை. பெயருக்கு முன்னால் பாத்திமா என்று பரக்கத்துக்காகச் சேர்க்கிறோம். அதுவும் 'எம்.எஃப்.' என்று ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது.

அன்றாட வாழ்வில் இந்தப் பெயர்களை யார் அழைக்கிறார்கள்? வீட்டில் அவள் மகள், பிறகு ராத்தா, சாச்சி, மாமி. பிள்ளை பிறந்தால் இன்னாரின் உம்மா. முழுப் பெயரும் சத்தமாக ஒலிப்பது வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போதுதான். அதன் பிறகு பெயர் வாழ்வது கடதாசியில். பாத்தும்மா காலத்தில் பெயரை நாக்கு செதுக்கியது. இப்போது பதிவாளரின் பேனா செதுக்குகிறது.

பிறப்புப் பதிவுக்கு 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம், அடையாள அட்டைக்கு 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம். ஒன்றில் பாத்திமா, மற்றதில் ஃபாதிமா, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதல் என்றால் சாதாரண தரச் சான்றிதழிலிருந்து கடவுச்சீட்டு வரை பிள்ளை அலைய வேண்டியதுதான்.

2004 டிசம்பர் 26ஐ நமது கரை மறக்காது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிரோடு மிஞ்சியவர்களின் பத்திரங்களையும் கடல் கொண்டுபோனது. குடி உம்மா வழியாக வருவதும், வீடு வளவு பெண்ணுக்குப் போவதும் நமது வழக்கம். ஆனால் பின்னர் கட்டிக் கொடுத்த வீடுகள் பலவும் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரிலேயே எழுதப்பட்டன. இன்னாரின் உம்மா என்று ஊர் அறிந்திருந்தது போதவில்லை. ஒரு பெண்ணுக்குக் கடதாசியில் தன் பெயர் இருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்று அப்போது கண்டோம்.

ஆகவே அருமையான பெயர் அன்றாடத்துக்குப் பொருந்தாது என்று நான் சொல்லமாட்டேன். நாளடைவில் நாக்கு எதையும் பழக்கிக்கொள்ளும். பொருளையும் எழுத்தையும் மட்டும் பெற்றோர் முதலே பார்த்துக்கொள்ள வேண்டும். அரபி தெரிந்த ஒருவரிடம் பொருளைக் கேளுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே தீர்மானித்து, தெளிவாக எழுதி எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பாருங்கள்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கட உம்மம்மாட முழுப் பெயர் என்ன?" தெரியாவிட்டால் சொல்லிக் கொடுங்கள்.