லக்னோவில் ஓர் அரம்

சிறுநீர்ப்பைக் கல்லை வயிற்றைக் கிழிக்காமல் உள்ளேயே உடைத்த கதையை மருத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் 1824இல் தொடங்குகின்றன: பாரிஸ், நெக்கர் மருத்துவமனை, மருத்துவர் ழான் சிவியால். சில நூல்களில் மட்டும் 42 ஆண்டு முந்தைய பெயர் ஒன்று ஓரமாக எட்டிப்பார்க்கிறது. கிளாட் மார்ட்டின், லக்னோ. இவர் மருத்துவரே அல்லர், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அந்தப் பெயரின் பின்னால் போனேன்.

முதல் தடம் புதுச்சேரியில் கிடைத்தது. 1735இல் லியோனில் பிறந்த மார்ட்டின், பிரெஞ்சுப் படையாளாக இங்கே வந்து, 1760இல் ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார். பிறகு லக்னோவில் நவாபின் படைக்கலச் சாலையை மேற்பார்த்தார். உலோகம் பழகிய கை என்று தெரிந்ததும் மற்றது விளங்கியது.

1782இல் அவருக்குக் கல்லடைப்பு. மயக்க மருந்தில்லாத காலம், கத்திக்கு அவர் உடன்படவில்லை. பின்னல் ஊசி போன்ற கம்பியின் நுனியில் அரம் போலப் பல் வெட்டி, திமிங்கில எலும்பில் பிடி போட்டு, குழாய் வழியே உள்ளே விட்டுத் தன் கல்லைத் தானே ராவினார். ஒரு நாளில் 12 தடவை வரை, ஏறக்குறைய 6 மாதம். தூள் சிறுநீரோடு வெளியேறியது. இது அவரே எழுதிய விவரம்.

இதை எடுத்துச் சொல்பவர்கள் அவருடைய துணிச்சலை வியக்கிறார்கள். எனக்கோ அந்தக் கம்பியைப் பற்றித்தான் கவலை. ஒவ்வொரு நுழைப்பிலும் சிறுநீர்ப் பாதையின் உட்சுவர் கீறுபடும், ரத்தம் வரும், கிருமி ஏறும். கம்பி ஒடிந்திருந்தால் அந்தத் துண்டே அடுத்த கல்லின் கருவாகியிருக்கும். சிறுநீர்ப்பையில் தங்கும் எந்தப் பொருளின் மேலும் கிருமிகள் படலமாகப் படியும். புரோட்டியஸ் போன்றவை யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்கும்; சிறுநீர் காரமாகும்; பாஸ்பேட் உப்புகள் அடுக்கடுக்காக இறுகும். இன்றும், சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வைத்து, எடுக்க மறந்த டிஜே ஸ்டென்ட் இப்படித்தான் கல்லாகிறது. சில மாதங்களில் எளிதாக உருவியிருக்க வேண்டிய மெல்லிய குழாய், வருடக்கணக்கில் கிடந்தால் கல்லை உடைத்துத்தான் வெளியே வருகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை எடுக்க வேண்டிய தேதி தெளிவாக இல்லாததால் நோயாளி படும் பாடு கொடுமை.

மார்ட்டினின் கம்பி ஒடியவில்லை. ஆனால் வெற்றிக் கதையாக எழுதுகிறவர்கள் 1782லேயே நின்றுவிடுகிறார்கள். கடைசிக் காலத்தில் சிறுநீர்த் தொல்லை அவரை மறுபடியும் வாட்டியது. 1800 செப்டம்பர் 13 அன்று லக்னோவில் இறந்தார். இந்தப் பதினெட்டு ஆண்டுகளையும் சேர்த்து வாசித்தால்தான் அது முழுமையான நோயாளிக் குறிப்பு.