ஐந்தாவது ஆட்டத்தில் யார்? டெல்லி 2014, பாங்காக் 2018

பெண்களுக்கான உலக அணி பேட்மிண்டன் போட்டியான ஊபர் கோப்பையைச் சொந்த மண்ணில் நடத்திய இரண்டு ஆசிய நாடுகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். 2014 மே மாதம் டெல்லி சிரி ஃபோர்ட் அரங்கில் இந்தியா. 2018 மே மாதம் பாங்காக்கை ஒட்டிய இம்பாக்ட் அரங்கில் தாய்லாந்து. அதே நாட்களில் ஆண்களுக்கான தாமஸ் கோப்பையும் அங்கே நடந்தது. இரு நாட்டு ஆண்கள் அணிகளும் அரையிறுதியை எட்டவில்லை. எட்டியவர்கள் பெண்கள். இரண்டு அரையிறுதிகளும் 2–2 என்ற சமநிலையில் ஐந்தாவது ஆட்டத்துக்குப் போயின. டெல்லியில் இந்தியா தோற்றது. பாங்காக்கில் தாய்லாந்து வென்றது. இந்த வேறுபாட்டுக்கான காரணம் அணியைக் கட்டிய விதத்தில் இருக்கிறது என்பதே என் முடிவு.

பொதுவாக இருந்தவை

போட்டியை நடத்தும் நாடு தகுதிச் சுற்று ஆடாமலே உள்ளே வரும். அதற்கு மேல் விதிகள் எல்லோருக்கும் ஒன்றே: மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர். மூன்றை வெல்லும் அணி முன்னேறும்.

இரு அணிகளிடமும் உலகின் முதல் வரிசை வீராங்கனைகள் இருந்தார்கள். இந்தியாவுக்கு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற சாய்னா நேவால். 2013 உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற பி.வி. சிந்து. 2011 உலகப் போட்டியில் வெண்கலமும், 2010 காமன்வெல்த் போட்டியில் இதே சிரி ஃபோர்ட்டில் தங்கமும் வென்ற ஜுவாலா கட்டா – அஸ்வினி பொன்னப்பா ஜோடியும் இருந்தது. தாய்லாந்துக்கு 2013-இல் 18 வயதிலேயே உலகச் சாம்பியனான ரட்சனோக் இந்தனோன் இருந்தார். உச்சத்தை மட்டும் அளந்தால் இந்தியா எந்த வகையிலும் குறைந்ததில்லை. 2014-இல் முதல் இரண்டு ஒற்றையரையும் ஒருசேர அவ்வளவு வலுவாக இறக்கக்கூடிய அணிகள் மிகச் சிலவே.

டெல்லி: மூன்று ஆட்டங்களைத் தாண்டிய பிறகு

காலிறுதியில் இந்தோனேசியாவை இந்தியா 3–0 என வென்றது. அணியின் வலிமையை அந்த வெற்றி காட்டியது. பலவீனத்தை மறைக்கவும் செய்தது. நான்காவது, ஐந்தாவது ஆட்டங்களுக்கு வேலையே வரவில்லை.

அரையிறுதியில் ஜப்பான். சாய்னா மினாத்சு மிதானியை வென்றார். சிந்து மூன்று கேம்கள் நீண்ட போராட்டத்துக்குப் பின் சயாகா தகாஹாஷியை வென்றார். இந்தியா 2–0. இன்னும் ஒன்று போதும் என்ற நிலையில் ஜுவாலாவும் அஸ்வினியும் மிசாகி மத்சுதோமோ – அயாகா தகாஹாஷியிடம் தோற்றார்கள். பின்னாளில், 2016 ரியோ ஒலிம்பிக்கில், தங்கம் வென்ற ஜோடி அது. மூன்றாவது ஒற்றையரில் கேரளத்தின் பி.சி. துளசி, அனுபவசாலியான எரிகோ ஹிரோசேயிடம் தோற்றார். கடைசி ஆட்டம் இரட்டையர். இந்தியா களமிறக்கியது சாய்னாவையும் சிந்துவையும்.

எதிரே நின்றவர்கள் மியுகி மயேதாவும் ரெய்கா ககீவாவும். ககீவா 2012 லண்டனில் இரட்டையர் வெள்ளி வென்றவர். மயேதா 2008 பெய்ஜிங்கில் இரட்டையரில் நான்காம் இடம் பெற்றவர். இருவரும் இரட்டையரையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒற்றையர் ஆட்டத்தில் களம் முழுவதும் ஒருவருடையது. இரட்டையரில் சர்வீஸ் போட்ட மறுநொடியே, தாக்கும்போது முன்னும் பின்னுமாகவும், தடுக்கும்போது பக்கவாட்டிலும் இருவரும் இடம் மாற வேண்டும். நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்று யோசிக்கவே நேரமிருக்காது. சேர்ந்து ஆடி ஆடித்தான் அந்தப் புரிதல் வரும். சாய்னாவும் சிந்துவும் அன்றே ஒற்றையரையும் ஆடி முடித்திருந்தார்கள். அவர்கள் துணிச்சலோடு போராடினார்கள் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவர்களையே திரும்பவும் அழைக்க வேண்டிய நிலைக்கு அணியைக் கொண்டுவந்து நிறுத்தியது, பல ஆண்டுகளாக இரட்டையரைப் பின்வரிசையில் வைத்திருந்த நம் அமைப்பு. 2–3 என்று முடிந்தது. ஊபர் கோப்பையில் இந்தியாவின் முதல் பதக்கம் அது, நிச்சயம் பெருமைக்குரியது. ஆனால் இறுதிப் போட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பாங்காக்: மூன்றாம் ஒற்றையரின் நாள்

நான்கு ஆண்டுகள் கழித்துத் தாய்லாந்து எதிர்கொண்டது சீனாவை. 1984 முதல் ஒரு முறைகூடத் தவறாமல் இறுதிக்கு வந்த அணி. 2–2. ஐந்தாவது ஆட்டம் மூன்றாம் ஒற்றையர். சீனாவின் சார்பில் வந்தவர் லி சூரேய்: 2012 ஒலிம்பிக் சாம்பியன், ரியோவில் முழங்கால் காயம் பட்டு நீண்ட காலம் விலகியிருந்து திரும்பியவர். தாய்லாந்தின் சார்பில் புசானன் ஒங்பாம்ருங்பன். பெயரை ஒப்பிட்டால் சமமில்லாத ஆட்டம். புசானன் வென்றார். தாய்லாந்து முதன்முறையாக இறுதிக்குள் நுழைந்தது.

புசானன் அன்று புதிய வேலை எதையும் செய்யவில்லை. பன்னாட்டுப் போட்டிகளில் ஆண்டுக்கணக்காக ஆடிய அதே ஒற்றையரைத்தான் ஆடினார். அன்று அதற்காக மட்டுமே உடலை வைத்திருந்தார். அவருக்கு முன்னால் ரட்சனோக்கும் நிட்சாவோன் ஜிண்டாபோலும் ஒற்றையர் ஆட, ஜோங்கோல்பான் கிட்டிதராகுல் – ரவிண்டா பிரஜோங்ஜாய் போன்றோர் இரட்டையருக்கென்றே வளர்ந்தவர்கள். ரட்சனோக்கை உருவாக்கிய பாந்தோங்யோட் போன்ற கிளப்புகள் ஒரு நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல் அடுத்தடுத்த வரிசைகளையும் வளர்த்தன.

கூட்டத்தின் பங்கு

இரு அரங்குகளிலும் ரசிகர்கள் தொண்டை வறளக் கத்தினார்கள். சொந்த ஊர் ஆரவாரம் சோர்ந்த காலுக்கு ஒரு பாயிண்ட், இரண்டு பாயிண்ட் கூடுதலாகத் தரும். சமமான ஆட்டத்தை நம் பக்கம் சாய்க்கும். இல்லாத இரண்டாவது ஜோடியை அதனால் தர முடியாது. நடத்தும் நாடு என்ற தகுதி இருப்பதைப் பெருக்கும், வெற்றிடத்தை நிரப்பாது.

இருவரையும் நிறுத்திய ஜப்பான்

இந்த ஒப்பீட்டுக்கு மூன்றாவது அளவுகோல் ஒன்றும் இருக்கிறது. டெல்லியில் இந்தியாவை அரையிறுதியில் நிறுத்தியது ஜப்பான். பாங்காக்கில் தாய்லாந்தை இறுதியில் 3–0 என வென்று 1981-க்குப் பிறகு மீண்டும் கோப்பையைக் கைப்பற்றியதும் ஜப்பான். அகானே யமகுச்சி ரட்சனோக்கையும், நொசோமி ஒகுஹாரா நிட்சாவோனையும் வென்றார்கள்; இடையில் இரட்டையரும் போனது. ஐந்தாவது ஆட்டத்துக்குத் தயாராக இருந்த தாய்லாந்துக்கு அங்கே நான்காவதுகூட வாய்க்கவில்லை. ஆழம் மட்டும் போதாது, உச்சமும் வேண்டும் என்பதே இதன் பாடம். இந்தியாவிடம் உச்சம் இருந்தது, தாய்லாந்திடம் ஆழம் இருந்தது. 2004 முதல் கொரியரான பார்க் ஜூ போங்கின் பயிற்சியிலும் நிறுவன அணிகளின் ஆதரவிலும் வளர்ந்த ஜப்பானிடம் இரண்டும் இருந்தன.

பத்தாண்டுக்குப் பிறகு

2024 பிப்ரவரியில் மலேசியாவின் ஷா ஆலமில் நடந்த ஆசிய அணி சாம்பியன்ஷிப் இறுதியில் இந்தியப் பெண்களும் தாய்லாந்துப் பெண்களும் மோதினார்கள். இரண்டு அணிகளுக்கும் அது வெளியூர். சிந்து வென்றார். த்ரீசா ஜாலி – காயத்ரி கோபிசந்த் ஜோடி, அதே ஜோங்கோல்பான் – ரவிண்டாவை வென்றது. புசானன் வழியாகவும் இரண்டாவது இரட்டையர் வழியாகவும் தாய்லாந்து 2–2 ஆக்கியது. மறுபடியும் ஐந்தாவது ஆட்டம். இந்த முறை இந்தியாவிடம் அதற்கென்று ஒருவர் இருந்தார்: 17 வயது அன்மோல் கர்ப். மூன்றாம் ஒற்றையரில் நேர் கேம்களில் வென்று கோப்பையை வாங்கித் தந்தார்.

அன்று முதல் ஆட்டத்தை சிந்து ஆடினார். ஆனால் ஐந்தாவதற்கு அவரைத் திரும்ப அழைக்க வேண்டியிருக்கவில்லை. இனி இந்தியா ஊபர் கோப்பையை நடத்தினால், அரங்குக்கும் விளக்குக்கும் செலவழிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இரண்டாவது ஜோடிக்கும் மூன்றாவது ஒற்றையருக்கும் செலவழிக்க வேண்டும்.