ஒட்டிய இறகும் உப்பிய இறகும்

பட்ஜிக் குஞ்சு ஒன்று சொண்டைத் திறந்தபடி, செட்டையைத் தளரவிட்டு மூச்சு வாங்குகிறது. வெக்கை பிடித்ததா, வருத்தம் வந்ததா? யாழ்ப்பாணத்தில் லவ் பேட்ஸ் என்று பட்ஜிக் கிளி வளர்க்கும் வீடுகள் இந்தக் கேள்வியைச் சரியாகத் தீர்த்தே ஆகவேண்டும். வெக்கை பட்ட குஞ்சுக்குக் குளிர்ச்சி வேண்டும். வருத்தக்காரக் குஞ்சுக்குச் சூடு வேண்டும். மாற்றிக் கொடுத்தால் 30, 40 கிராம் எடையுள்ள அந்த உடம்பு தாங்காது.

முதலில் இறகைப் பார்க்க வேண்டும். வெக்கையில் வாடும் குஞ்சு இறகை உடம்போடு ஒட்டவைத்துக்கொள்வதால் வழக்கத்தைவிட மெலிந்து, நெடுத்துத் தெரியும். செட்டைகளை மட்டும் விலக்கிப் பிடிக்கும். அவற்றின் கீழே இறகு குறைவு என்பதால் சூடு அவ்வழியே வெளியேறும். வருத்தம் வந்த குஞ்சோ இறகை உப்பவைத்துப் பஞ்சுருண்டை போலக் குந்தியிருக்கும். பறவையின் இயல்பான உடற்சூடு 41 பாகை செல்சியசை ஒட்டியது. நோயில் அதை இழக்காமலிருக்கவே இறகிடையில் காற்றை அடைத்து வைக்கிறது. நல்ல சுகமான குஞ்சும் நித்திரையில் கொஞ்சம் உப்பி, ஒற்றைக் காலில் நிற்கும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. பகல் முழுக்க உப்பியபடி, இரண்டு காலாலும் கம்பைப் பற்றிக் கண் சொருகினால், அல்லது கூட்டின் அடியில் போய்க் குந்தினால், அது வருத்தம்.

மூச்சைப் பார்ப்போம். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. சொண்டைத் திறந்து வேகமாக மூச்சுவிட்டு, வாய் தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பை ஆற்றும். பட்ஜியின் பிறந்தகமான அவுஸ்திரேலிய உள்நாடு வறண்டது. அங்கே ஈரம் சட்டென்று ஆவியாகும். கடல் சூழ்ந்த குடாநாட்டின் ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தம். ஆகவே "வெய்யில் நாட்டுக் கிளிதானே" என்று தகரக் கூரைக்குக் கீழே கூட்டைத் தொங்கவிடுவதை என்னால் ஏற்கவே முடியாது. பிறந்தகத்திலும் அது தாங்குவதற்கு எல்லை உண்டு. 2009 ஜனவரியில் மேற்கு அவுஸ்திரேலியாவில் 45 பாகையைத் தாண்டிய வெக்கையில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தன. அவற்றில் காட்டுப் பட்ஜிகள் ஏராளம். யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும். அந்த நாட்களில் மத்தியானக் கூடு எங்கே தொங்குகிறது என்பதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வருத்தத்தில் மூச்சுத் திணறும்போது சொண்டு மூடியிருந்தாலும் வால் மூச்சுக்கு மூச்சு மேலும் கீழும் ஆடும். விடியற்காலைக் குளிரிலும் சொண்டு திறந்திருந்தால் வெய்யிலில் பழி போட முடியாது. நுளம்புத்திரிப் புகையும் மூச்சைக் கெடுக்கும். திரி கொளுத்தும் அறையில் கூடு வேண்டாம்.

பிஞ்சுக் குஞ்சில் இன்னொரு ஆபத்து. நெற்றிக் கோடுகள் சொண்டு வரை இறங்கியிருக்கும் வயதில், மூன்று நான்கு மாதத்துக்குள், அது தினையை உடைத்துத் தின்னவே இப்போதுதான் பழகுகிறது. கிண்ணம் நிறைந்திருக்கிறதே என்று நிம்மதிப்படுவோம். ஊதிப் பார்த்தால் எல்லாம் உமி. அல்லது ஒரு மணியும் உடைபடாமல் கிடக்கும். எச்சத்தின் எண்ணிக்கை குறைவதும், பச்சையும் வெள்ளையுமான அதன் திரட்சி மாறி நாள்கணக்கில் தண்ணீராகப் போவதும், நெஞ்செலும்பு கத்தி விளிம்பாகக் கைக்குத் தட்டுப்படுவதும் வெக்கையால் ஒரு மத்தியானத்தில் வருபவையல்ல. வெக்கை மணிக்கணக்கில் வரும். வருத்தம் நாள்கணக்கில் ஒளிந்திருந்து வெளியே தெரியும், ஏனென்றால் பறவைகள் முடிந்தவரை நோயை மறைக்கும்.

வெக்கைக் குஞ்சை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு மாற்றி, சாதாரண கிணற்றுத் தண்ணீரில் காலை நனைத்து, இறகில் மெல்லத் தெளித்து, குடிக்கவும் வைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் கூடாது. வாயில் ஊற்றவும் கூடாது, புரைக்கேறிவிடும். பெரும்பாலும் சிறிது நேரத்தில் சொண்டு மூடும். தள்ளாடினாலோ விழுந்தாலோ வலிப்பு வந்தாலோ காத்திருக்க நேரமில்லை.

வருத்தக்காரக் குஞ்சுக்கு 30 பாகையளவு சூடு வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். குளிர்நாட்டுக்காரர் அதற்காக விளக்கு வைப்பார்கள். சித்திரையில் நம் வீட்டறையே அந்தச் சூட்டைத் தாண்டியிருக்கும். அப்போது விளக்கு வைத்தால் வருத்தத்தோடு வெக்கையும் சேரும். மார்கழி மழையிரவில் வாடைக்காற்று புகாமல் கூட்டின் மூன்று பக்கத்தை மூடி, ஒரு ஓரத்தில் மட்டும் சிறு பல்ப் வைக்கலாம். வேண்டாதபோது குஞ்சு மறுபக்கம் விலக இடம் இருக்க வேண்டும். இறகு உப்பியிருக்கச் சொண்டும் திறந்திருந்தால் நாமாக முடிவெடுக்க வேண்டாம், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். கூட்டின் அடியில் விரித்த தாளை எச்சத்தோடு மடித்துக் கொண்டுபோவது அவருக்குப் பெரிய உதவி.

கூட்டைத் துப்புரவாக்கிய பின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிற்றகோசிஸ் என்ற நோய் உண்டு. குஞ்சு சுகமில்லாதிருக்கும் நாட்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் வறட்டிருமலும் வந்தால், வீட்டில் கிளி இருப்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.