முகாமில் ஓர் இரவு

சமையலறையையும் படுக்கையையும் சக்கரத்தின் மீது ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் எமது நாட்டில் அண்மைக்காலத்திலேயே தலைகாட்டியிருக்கின்றது. கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கையின் மகன் அத்தகைய கரவன் வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, "மாமா, நீங்கள் எழுதித் தள்ளிய சப்ரகமுவவை ஒரு தடவை நேரில் காட்டுங்கள்" என்று கேட்டார். மறுக்க முடியவில்லை.

அவிசாவளையைக் கடந்து இரத்தினபுரி வீதியில் ஏறியதும் இருமருங்கிலும் இறப்பர் மரங்கள். கோப்பி அழிந்த பின்னர் இந்தத் தாழ்நிலக் குன்றுகளில் தேயிலையும் இறப்பரும் பரவின. 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த நாற்றுகளின் சந்ததியே கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களை நிரப்பியது எனலாம். நுவரெலியாவைப் போன்று இங்கே தமிழர் பெருந்திரளாக வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே ஒரு லயம் இங்கும் ஒரு லயம் அங்குமாகச் சிதறியே வாழ்ந்தனர். பின்னர் நடந்தவை அனைத்தையும் விளங்கிக்கொள்வதற்கு இந்த ஒரு விடயம் மிகவும் முக்கியமானது.

வண்டியைச் செலுத்தியவாறே மருமகன், அமெரிக்காவில் இராணுவத் தளங்களுக்குள்ளேயே இத்தகைய வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கு இடங்கள் உள்ளன என்றும், படையினரும் ஓய்வுபெற்ற படையினரும் குடும்பத்துடன் வந்து அங்கே விடுமுறையைக் கழிப்பார்கள் என்றும் கூறினார். எங்கள் முதலிரவுத் தங்கலும் அது போன்றதே என்பதை அப்போதுதான் வெளியிட்டார். குக்குளே கங்கையில் இராணுவம் நடத்தும் விடுதி ஒன்றில் இடம் பதிவு செய்திருந்தாராம்.

முகாம் என்ற சொல்லுக்கு எங்கள் மக்களின் வாழ்வில் எத்தனை பொருள்கள்! தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி தன் கூட்டத்தை முதலில் கொண்டுசென்று விட்டது மண்டபம் முகாமில்தான். தொற்றுநோய் இல்லையென்று உறுதியாகும் வரை அங்கே சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்ட பின்னரே கப்பலில் ஏறலாம். அதே மண்டபம் பின்னர் இங்கிருந்து சென்ற அகதிகளின் முகாமாயிற்று.

பெல்மதுளையைக் கடந்து கஹவத்தைப் பக்கமாகச் சென்றோம். எனக்கு முன்னரே அறிமுகமான ஒரு லயத்தின் முன்பாக வண்டியை நிறுத்தச் செய்தேன். பால்வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா இன்றும் அங்கே வாழ்கிறார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தவர், "இதுக்குள்ளயே சோறு ஆக்கலாங்களா?" என்று கேட்டார். உள்ளே அழைத்துக் காட்டியதும் சிரித்தார். "எங்க காம்பராவவிட ஒசத்தியா இருக்கு."

அவருடைய தம்பி 1981 இல் வெளியேறியவர்.

அந்த ஆண்டுகளைப் பற்றி இன்றைய இளைய வாசகர்கள் அதிகம் அறிந்திருக்க மாட்டார்கள். 1948 இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்கள் அரசுடைமையாகின. தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தாடிய காலமும் அதுவே. 1977 ஜூலைத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் கூட நிறைவடையாத நிலையில் வன்முறை வெடித்தது. 1981 ஆகஸ்டில் மீண்டும் ஒரு தடவை. இரத்தினபுரி, கஹவத்தை, இரக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. 1983 ஐ உலகம் அறியும். ஆனால் சப்ரகமுவத் தோட்டத் தமிழனுக்கு 1983 மூன்றாவது அடி என்பதை எழுதியோர் குறைவு. நான் பணியாற்றிய காலத்தில், பத்திரிகைகளில் நாங்கள் அதற்குக் கொடுத்த இடமும் போதாது என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

ஓடியவர்கள் லொறிகளில் வவுனியா சென்றனர். அங்கே காணியும் கிணறும் தந்து குடியமர்த்தும் பணியைக் காந்தீயம் இயக்கம் செய்தது. மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் அதன் தூண்கள். இருவரும் 1983 ஏப்ரலில் கைதாகினர். இராஜசுந்தரம் ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். தப்பிய டேவிட் நெடுங்காலம் சென்னையில் வாழ்ந்து, 2015 இல் கிளிநொச்சியில் காலமானார்.

அம்மாவின் தம்பி காடு வெட்டி, கச்சான் பயிரிட்டு, வன்னியானாக மாறிப் போனார். பிறகு பல ஆண்டுகள் தொடர்பு இல்லை. 2009 இல் ஒரு கடிதம் வந்தது.

"அருணாசலமுன்னு விலாசம் போட்டிருந்திச்சு ஐயா. ஏதோ கோயிலு பக்கம் இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

அது கோயில் அல்ல. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் ஒரு வலயம். போரின் முடிவில் இராணுவக் காவலில் அடைக்கப்பட்ட இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலானோர் அங்கேதான் இருந்தனர். அதன் வலயங்களுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெயர் சூட்டியிருந்தனர். முள்வேலிக்குத் தமிழறிஞர் பெயர்!

சேர் பொன்னம்பலம் அருணாசலம் யார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தோட்டத் தொழிலாளி வேலையை விட்டு விலகினால் அவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்றிருந்த சட்டத்தை எதிர்த்துக் குரல் எழுப்பியவர் அவர். 1919 இல் பெரி. சுந்தரத்துடன் இணைந்து தொழிலாளர் நலன்புரிக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். கடனாளித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்ற உதவிய துண்டு முறை 1921 இல் ஒழிந்தது. இவருடைய பெயரைத் தாங்கிய வலயத்தில், அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் வெளியே செல்ல அனுமதியின்றி மாதக்கணக்கில் இருந்தனர். மெனிக் என்றால் சிங்களத்தில் மாணிக்கம் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். மாணிக்கம் விளையும் இரத்தினபுரியில் இருந்து விரட்டப்பட்டவன் போய்ச் சேர்ந்த இடம் அது.

"தம்பி இப்போது எங்கே?" என்று வினவினேன். முகாம் 2012 இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே அவர் இறந்துவிட்டாராம். பிள்ளைகள் கிளிநொச்சியில். "வாங்கன்னு கூப்பிடுறாங்க. அந்த வெயிலு எனக்கு ஒத்துக்காது" என்றார். தேநீர் தந்தே அனுப்பினார்.

கலவானை வழியாக, இரத்தினபுரி மாவட்ட எல்லையைத் தாண்டி விடுதியை அடையும்போது இருட்டிவிட்டது. நீர்மின் திட்டத்துக்காக எழுந்த குடியிருப்புகளே விடுதியாக மாறியுள்ளன. ஐ.நா. அமைதிப்பணிக்குச் செல்லும் படையினருக்கான பயிற்சி நிலையமும் குக்குளே கங்கையில்தான் உள்ளது. 2004 முதல் ஹெய்ட்டிக்கு இங்கிருந்து படைகள் சென்றன. பக்கத்தில் சிங்கராஜ வனத்தின் ஈரக்காற்று. குறை சொல்ல ஏதுமில்லை. உணவு நன்று, உபசரிப்பும் நன்று. "வணக்கம் ஐயா" என்று தமிழிலேயே வரவேற்ற இளம் சிப்பாய்க்கு 2009 இல் பள்ளி செல்லும் வயது கூட ஆகியிருக்காது.

மருமகன் விரைவில் உறங்கிவிட்டார். எனக்கு உறக்கம் வரவில்லை. வாயிலில் காவலர் மாறும் ஓசை இரு தடவை கேட்டது.

காலையில் பதிவேட்டில் கையொப்பமிட்டோம். வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், வெளியேறும் நேரத்துக்கு ஒரு கட்டம். இரண்டாவது கட்டத்தில் 7.40 என்று எழுதினேன். சிப்பாய் தடைக்கம்பத்தை உயர்த்தினார்.