முதுமையும் கட்டிலும்

எரியோட்டில் நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் உண்டு. இராவுத்தர் குடும்பத்தவர், வாரச் சந்தைகளில் துணி விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த அவ்வூரைச் சுற்றிலும் வானம் பார்த்த பூமி. அங்கே அவர் தலைமுறையினர்க்கு நடை என்பது உடற்பயிற்சி அன்று, பிழைப்பு. எழுபத்தைந்து வயதிலும் வைகறைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் பள்ளிவாசலை அடைந்துவிடுவார். ஒருநாள் வாசற்படியில் கால் இடறி விழுந்தார். எலும்பு முறியவில்லை, சிராய்ப்பு மட்டுமே. செய்தி கேட்டு வெளியூர்களிலிருந்து ஓடிவந்த மக்கள், "அத்தா, இனி நீங்கள் கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம், எல்லாம் கைக்கு வரும்" என்று கூறிவிட்டனர். எல்லாம் கைக்கு வந்தது. நான்கே மாதங்களில் கால் போயிற்று. சந்தைக் கணக்கை மனத்திலேயே போட்டவர், இன்று என்ன கிழமை என்று கேட்டறிய வேண்டியவரானார். பிள்ளைகளின் பாசத்தை அன்று வியந்து பாராட்டியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.

அப்பாராட்டு பிழையானது என்பதை மருத்துவ வரலாற்றைப் புரட்டிய பின்னரே உணர்ந்தோம். முதுமைக்கு ஓய்வே மருந்து என்ற எண்ணம் தொன்றுதொட்டு வந்தது என்று கருதியிருந்தோம். உண்மை வேறாக இருக்கிறது.

புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் கி.பி. 980இல் பிறந்த இப்னு சீனா, 'அல்கானூன் ஃபித் திப்' என்னும் தம் பெருநூலின் முதற்பகுதியில் முதியோரைப் பேணும் முறைக்கெனத் தனி இடம் ஒதுக்கினார். முதியவரின் உடல் குளிர்ச்சியும் வறட்சியும் மிக்கது என்பது அக்கால மருத்துவக் கொள்கை. ஆகவே உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணுதல், மிதமாக எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல், தக்க உறக்கம் ஆகியவற்றை அவர் வகுத்தார். நம்மை வியப்பில் ஆழ்த்தியது அவர் பயிற்சி பற்றிக் கூறும் பகுதியே. தலைசுற்றல் உடையவர் தலையைத் தாழ்த்தும் அசைவுகளை விலக்கி, நடத்தல் முதலியவற்றால் கீழுடம்பைப் பயிற்ற வேண்டுமாம். கால் நலிந்தவர் மேலுடம்பைப் பயிற்ற வேண்டுமாம். ஓருறுப்பு நலிந்தால் மற்றோருறுப்பை உழைக்க வைக்கச் சொன்னாரேயன்றி, முழு மனிதனையும் கிடத்திவிடச் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்ற இந்நூல் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. நம் யூனானி ஹக்கீம்களுக்கும் அதுவே மூலநூல். இவ்வளவு எழுதியவர் தம் ஐம்பத்தேழாம் வயதிலேயே, 1037இல், ஹமதானில் மறைந்தார். முதுமையை அவர் நேரில் சுவைக்கவேயில்லை!

முதியோர் மருத்துவத்துக்கு இக்காலப் பெயரைச் சூட்டியவர் நியூயார்க்கைச் சேர்ந்த நாஷர் என்னும் மருத்துவர், ஆண்டு 1909. ஆனால் அதற்கு உயிரூட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மார்ஜரி வாரன் என்ற பெண்மணி. 1935இல் இலண்டனை அடுத்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையோடு, அருகிலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதியும் இணைக்கப்பட்டது. 714 நோயாளிகள் இவர் பொறுப்பில் வந்தனர். அவர்களுள் மிகப் பலர் முதியோர். 'தேறமாட்டார்' என்று ஒதுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார். பலரை முடக்கியது நோயன்று, படுக்கையே என்று கண்டார். எழுப்பி உட்கார வைத்தார், நிற்கப் பழக்கினார், நடக்கச் செய்தார். பலர் வீடு திரும்பினர்.

படுக்கை என்ன செய்யும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்தினர். முப்பதாண்டுக்குப் பின், அதே ஐவரை அவர்தம் ஐம்பதாம் வயதில் மீண்டும் சோதித்தனர். உடலின் உழைப்புத் திறனை அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவுக்கு முப்பதாண்டு முதுமை குறைக்கவில்லை! இருபது வயதுக் காளைகளுக்கே இக்கதி என்றால், எழுபத்தைந்து வயதுக்கு நான்கு மாதம் என்னவாகும்?

இழந்தது மீளுமா என்பதே அடுத்த கேள்வி. பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர் ஓர் ஆய்வுக்கு முன்வந்தனர். எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி தரப்பட்டது. 1990இல் வெளியான முடிவின்படி, பயிற்சியை முடித்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காயிற்று. இருவர் கைத்தடியைக் கைவிட்டனர். ஆய்வு சிறியதுதான், ஆயினும் தொண்ணூறிலும் தசை கேட்ட வேலையைச் செய்கிறது என்பதை அது ஐயமற நிறுவியது.

இவையெல்லாம் அந்நிய நாட்டுச் செய்திகள் என்பாருக்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. பட்டிவீரன்பட்டி வட்டாரத்தில், நிலமற்ற ஏழைக் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். விடுதலைப் போராட்ட வீரர் ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். விடுதலை பெற்ற நாட்டில்தான் மணம் செய்வது என்பது அவர்கள் உறுதி. வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் ஊர் ஊராக நடந்தனர். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின், தஞ்சைத் தரணிக்கே சென்று பணியாற்றினர். உழுபவருக்கு நிலம் வாங்கித் தரும் 'லாப்டி' அமைப்பை அவர்கள் தொடங்கியது 1981இல். அப்போது கிருஷ்ணம்மாளுக்கு ஐம்பத்தைந்து, கணவருக்கோ அறுபதைக் கடந்த வயது. அரசு ஊழியர் ஓய்வூதியக் காகிதங்களை அடுக்கும் பருவத்தில் அவர்கள் வாழ்வின் பெரும்பணி தொடங்கிற்று. பல்லாயிரம் குடும்பங்கள் நிலம் பெற்றன. பட்டாக்கள் பெண்கள் பெயரிலேயே எழுதப்பட்டன.

நாகைக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் விளைநிலத்தையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, ஜெகந்நாதன் மீண்டும் களம் புகுந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 டிசம்பர் 11இல் அவருக்குச் சார்பான தீர்ப்பு வந்தது. அன்று அவர் எண்பதைத் தாண்டியவர். 2013 பிப்ரவரியில் அவர் மறைந்தார். கிருஷ்ணம்மாள் 2008இல் மாற்று நோபல் எனப்படும் விருதைக் கணவரோடு பகிர்ந்து கொண்டபோது வயது எண்பத்திரண்டு. பத்மபூஷண் அறிவிக்கப்பட்ட 2020இல் தொண்ணூற்று மூன்று. இவர்களுக்கு நெடுவாழ்வு தந்தது நடையா, எளிய உணவா, பிறவி வலிமையா என்று நம்மால் பிரித்துச் சொல்ல இயலாது. மறுநாள் காலையில் எவரோ தமக்காகக் காத்திருக்கிறார் என்ற எண்ணம் அவர்களை விட்டு நீங்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

உள்ளத்தின் நலமும் இங்கேதான் பிணைந்துள்ளது. மறதி நோயைத் தூண்டுவனவற்றுள் மாற்றத்தக்கவை பதினான்கு என்று 2024இல் 'லான்செட்' மருத்துவக் குழு பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை, தனிமை, செவிக் குறை, கவனிக்கப்படாத பார்வைக் குறை ஆகியவை அப்பட்டியலில் உண்டு. நம் இல்லங்களில் பெரியவருக்குக் காது மந்தமானால் என்ன செய்கிறோம்? கருவி வாங்குவதில்லை, பேச்சைக் குறைத்துக் கொள்கிறோம். "அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும், பாவம்" என்று கலியாணப் பேச்சையும் கடைக் கணக்கையும் அவருக்குத் தெரியாமலே முடித்துவிடுகிறோம். அந்தப் 'பாவம்' என்ற சொல் செய்யும் கேட்டை எந்த மருத்துவரும் அளந்ததாகத் தெரியவில்லை.

கண்ணைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். கீல்வாதத்தால் விரல்கள் கோணிப் போன டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணி ஓய்வுக்குப் பின், 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அக்கோணல் விரல்களாலேயே தம் வாழ்நாளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை செய்தார். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1978இல். கிண்டியில் முதியோர்க்கென்றே தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது 2024இல்.

எரியோட்டுப் பெரியவரின் செய்தியைச் சொல்லி முடிக்கவில்லை. செவிலியர் பயிற்சி பெற்ற பேத்தி விடுமுறைக்கு வந்தாள். முதலில் மருத்துவரிடம் காட்டி இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்தாள். பின்னர்க் கட்டிலை எடுத்துவிட்டு நாற்காலி போட்டாள். கையை ஊன்றாமல் எழுந்து அமர்வது நாளொன்றுக்கு ஐந்து முறை, பிறகு பத்து, பிறகு திண்ணை வரை நடை. தொழுகையில் குனிந்தும் தரையில் அமர்ந்தும் எழுந்தும் அறுபதாண்டு பழகிய முழங்கால்கள் பழைய பாடத்தை மெல்ல நினைவு கூர்ந்தன. வீட்டுக் கணக்கு நோட்டையும் அவர் கையில் கொடுத்தாள். முதல் வாரம் கூட்டல் தவறிற்று, எவரும் திருத்தவில்லை.

சென்ற முறை போயிருந்தபோது அஸர் தொழுகைக்குக் கைத்தடியுடன் வந்திருந்தார். வைகறைக்கு மட்டும் பிள்ளைகள் இன்னும் விடுவதில்லையாம். இருட்டில் படி தெரியாது என்கிறார்கள். வாசலில் ஒரு விளக்குப் போடச் சொல்லிவிட்டு வந்தோம்.