தட்டணுவின் இரண்டு பைகள்: ஒரு விளக்கத்தின் மறுஆய்வு

புதிய குருதிநாளங்கள் தோன்றுவதில் இரத்தத் தட்டணுக்களுக்குப் பங்கு உண்டு என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. எந்த வழியில் என்பதில்தான் வழக்கு. 2008இல் 'பிளட்' இதழில் ஜோசப் இட்டாலியானோ, ஜூடா ஃபோக்மன் குழுவினர் தந்த விடை இன்றும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. நாளத்தை வளர்க்கும் புரதங்கள் ஒருவகை ஆல்ஃபா துகள்களிலும் (தட்டணுவுக்குள் உள்ள சிறு பைகள்) தடுக்கும் புரதங்கள் வேறுவகைத் துகள்களிலும் தனித்தனியே உள்ளன. வரும் தூண்டலுக்கேற்ப ஒருவகை மட்டும் திறக்கிறது என்பது அவர்கள் கூற்று. இதன் பிற்பாதி ஏற்கத்தக்கது. முற்பாதிக்குச் சான்று போதாது.

பிற்பாதி 2008க்கு முன்பே தெரிந்ததுதான். ஜான் வாலஸ் குழு 2001இல் இரைப்பைப் புண் உள்ள எலிகளுக்குத் தட்டணுவை அடக்கும் டிக்லோபிடின் மருந்தைக் கொடுத்தது. குருதியில் நாளத்தைத் தடுக்கும் எண்டோஸ்டாட்டின் கூடி, வளர்க்கும் விஇஜிஎஃப் குறைந்தது. புண் ஆறுவதும் தாமதப்பட்டது. 2005இல் அதே குழு மனிதத் தட்டணுக்களின் த்ரோம்பின் ஏற்பிகளைத் தனித்தனியே தூண்டியது. பார்-1 என்ற ஏற்பி வழியாக விஇஜிஎஃப் வெளிவந்தது, பார்-4 வழியாக எண்டோஸ்டாட்டின். இட்டாலியானோ குழு இதனுடன் சேர்த்தது இடப் பிரிவினையை.

அந்தப் பிரிவினை எதன்மேல் நிற்கிறது? தட்டணுவின் அகலம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர். அதற்குள் 50 முதல் 80 ஆல்ஃபா துகள்கள். ஒவ்வொன்றும் 200 முதல் 500 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்தறியும் எல்லையும் ஏறத்தாழ 200 நானோமீட்டர். ஆகவே இரு புரதங்களுக்கு ஏற்றிய நிறங்கள், பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியுமாக விலகித் தெரிந்தால் இரு துகள்கள் எனலாம்; ஒரே பெரிய துகளின் இரு ஓரங்கள் எனவும் வாதிடலாம். வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம் ஒரு துகளுக்குள்ளேயே ஓரமாக ஒதுங்கியிருப்பது பழைய செய்தி. இட்டாலியானோ குழு மின்னணு நுண்ணோக்கியையும் துணைக்கு அழைத்தது உண்மையே. ஆயினும் சோதித்தவை சில புரத இணைகள்தாம். விஇஜிஎஃபும் எண்டோஸ்டாட்டினும் விலகியிருக்கலாம். அதனால் எல்லாப் புரதங்களும் தொழில்வாரியாகப் பிரிந்துள்ளன என்றாகிவிடாது. வளர்ப்பவை தமக்குள் சேர்ந்தும் தடுப்பவை தமக்குள் சேர்ந்தும் இருந்தால்தான் அது விதியாகும்.

2011இல் பிரையன் ஸ்டோரி குழு பல இணைகளை அளந்தபோது அத்தகைய சேர்க்கை ஏறக்குறைய இல்லை. விலகல் உண்டு, அணி இல்லை. 2012இல் சிட்னி வைட்ஹார்ட் குழு வெளியேற்றத்தை நேரவாரியாக அளந்தது. புரதங்கள் வேகத்தில் வேறுபட்டன, தொழிலில் அல்ல. வாலஸ் கண்ட வேறுபாட்டைத் துகள் சவ்வோடு இணையும் விதத்தாலும் புரதம் கரையும் வேகத்தாலும் விளக்க இடமுண்டு. பார்-4 முடிவை வேகம் மட்டும் முழுதாக விளக்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இரு பை விளக்கத்தின் பெருங்குறை வேறு. அது தட்டணுவைச் சரக்குக் கிடங்காக்கி தட்டணு நாளத்தைக் காக்கிறது என்ற பழைய தடத்தை மறைத்துவிட்டது. புற்றுக்கட்டியின் நாளங்களில் தட்டணுவுக்குப் பங்கு உண்டா என்று 1998இல் 'லான்செட்' இதழில் பினெடோவும் ஃபோக்மனும் எழுப்பிய கேள்வியையே தொடக்கமாகக் கொள்வது எளிது. ஆனால் 1969இலேயே கிம்ப்ரோன், ஃபோக்மன் உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில், உடலிலிருந்து பிரித்த உறுப்புகளுக்குத் தட்டணு மிகுந்த ஊட்டம் செலுத்தினால் நாளச்சுவர் சிதையாமல் நிற்பதைக் காட்டியிருந்தனர். அதற்கு முன் ஃபோக்மன் அத்தகைய உறுப்புகளில் நட்ட கட்டிகள் ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுபோயின. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், கட்டி வளர நாளம் வேண்டும் என்ற ஃபோக்மனின் 1971 கருதுகோளின் அடியிலேயே தட்டணு இருக்கிறது என்பேன். இது என் ஊகம், நேர்ச்சான்று மெலிது. காத்தல் என்ற கருத்து வளர்த்தல் என மாறிய ஆண்டையும் உறுதியாகக் குறிக்க இயலாது. த்ரோம்பினால் தூண்டிய தட்டணுக்கள் முயலின் கருவிழியில் நாளம் முளைக்கச் செய்ததை நைட்டன் குழு காட்டிய 1982ஐ ஓர் எல்லையாகக் கொள்ளலாம், அவ்வளவே.

பழைய தடத்துக்கு வலுவான துணை இரண்டு. 1995இல் விவரிக்கப்பட்ட, என்எஃப்-இ2 மரபணு நீக்கிய எலிகளுக்குத் தட்டணு இல்லை. ஆனாலும் கருவில் நாளங்கள் உருவாகின்றன, பிறந்தபின் பெரும்பாலானவை குருதிப்போக்கால் இறக்கின்றன. 2006இல் டெனிசா வாக்னர் குழு தட்டணு குறைத்த எலிகளின் கருவிழியில் புதுநாளங்கள் குறைந்ததையும், முளைத்தவை கசிந்ததையும் கண்டது. நாளத்தைத் தொடங்க அல்ல, தொடங்கியதை நிலைக்கச் செய்யவே தட்டணு முதன்மையாக வேண்டியிருக்கிறது. இரு பை விளக்கம் சரியென நாளை நிறுவப்பட்டாலும் இந்த முடிவு மாறாது.